கடவுள் ஏன் குறுக்கே வரவில்லை?

நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். "கடவுள் என்று ஒருவர் இருந்தால், நடக்கிற கொடுமையை எல்லாம் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருக்கிறார்?" என்ற கேள்வியைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் சாமி கும்பிடுகிறவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் பேசப்போவதில் சில இடங்கள் கும்பிடாதவர் பேசுவது போலக் காதில் விழும். இந்தக் கேள்வி நாத்திகர்களுக்குச் சொந்தமானது, பக்தர்கள் இதைக் கேட்கக் கூடாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் கோயில் வாசலில் நின்று "உனக்குக் கண் இருக்கா?" என்று கத்துகிறாளே, அவளைவிட நம்பிக்கை உள்ளவர் யார்? இல்லாதவரிடம் யாரும் சண்டை போடுவதில்லை.

நம் தமிழில் இது ரொம்பப் பழைய சண்டை. புறநானூற்றில் 194ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள், பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாவுப் பறை கேட்கிறது, இன்னொரு வீட்டில் கல்யாண மேளம் கேட்கிறது. ஒருத்தி பூ வைத்துக்கொண்டு புருஷனோடு நிற்கிறாள், ஒருத்தி கண்ணீர் வடிய நிற்கிறாள். இரண்டையும் பார்த்துவிட்டுப் புலவர் சொல்கிறார்: "படைத்தோன் மன்ற அப் பண்பி லாளன்." இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவன் பண்பில்லாதவன்! பூசி மெழுகவே இல்லை. வள்ளுவர் எடுத்ததும் கடவுள் வாழ்த்துப் பாடியவர். அவரே 1062ஆம் குறளில்,

இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து
கெடுக உலகியற்றி யான்

என்று சபிக்கிறார். பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர் வாழ வேண்டும் என்றால், இந்த உலகத்தை இயற்றியவனும் அதே மாதிரி அலைந்து கெடட்டும் என்கிறார். இவ்வளவு கோபத்தோடு கேட்க நம் முன்னோர்களுக்குத் துணிவு இருந்தது. ஆனால் நாம் இன்றைக்கு அந்தக் கேள்வி வந்த உடனே ஏதாவது ஒரு விடையைச் சொல்லி வாயை அடைக்கப் பார்க்கிறோம். முன்வினை என்கிறோம், கடவுள் சோதிக்கிறார் என்கிறோம், எல்லாம் நன்மைக்கே என்கிறோம்.

இந்த விடைகளில் எனக்குக் கொஞ்சம் மரியாதை இருப்பது ஒன்றின் மேல்தான். மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்துவிட்டு, அவன் தப்பு செய்யும்போதெல்லாம் கையைப் பிடித்துத் தடுத்தால் அது சுதந்திரமே ஆகாது, அதனால்தான் கடவுள் ஒதுங்கி நிற்கிறார் என்று சொல்வார்கள். சரி, யோசிக்க வேண்டிய வாதம்தான். அடிக்க ஓங்கிய கையெல்லாம் நடுவானில் நின்றுபோகிற உலகத்தில் நல்லவன் என்றும் கெட்டவன் என்றும் யாரும் இருக்க முடியாது. ஆனால் இந்த விடை அடித்தவனைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அடிபட்டவனின் சுதந்திரம் எங்கே போயிற்று? மூன்று வயதில் ரத்தப் புற்றுநோய் வந்து படுத்திருக்கிற குழந்தைக்கு யாருடைய சுதந்திரத்தால் அந்த நோய் வந்தது? இதற்கு நான் இதுவரை கேட்ட எந்த விடையும் அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு முன்னால் நின்று சொல்லக்கூடிய விடையாக இல்லை. அவள் முன்னால் சொல்ல முடியாததை மேடையில் மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் கடவுளின் மனதுக்குள் என்ன ஓடியது என்கிற ஆராய்ச்சியை விட்டுவிட்டு, அவர் வரவில்லை என்று நாம் சொல்கிற இடங்களில் உண்மையில் என்ன நடந்தது, அங்கே யார் யார் இருந்தார்கள் என்று பார்க்கலாம். ஒரு பஞ்சத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876இல் பருவமழை பொய்த்தது. அடுத்த இரண்டு வருஷம் சென்னை மாகாணம், மைசூர், ஹைதராபாத், பம்பாய்ப் பக்கம் என்று தென்னாடும் தக்காணமும் வாடி வதங்கின. பசியாலும், பசிக்குப் பின்னாலேயே வந்த காலரா, காய்ச்சலாலும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்று அரசாங்கம் பிறகு அமைத்த பஞ்சக் கமிஷனே கணக்கு எழுதியது. உண்மையான எண்ணிக்கை இன்னும் அதிகம் என்கிற ஆய்வாளர்களும் உண்டு.

மழை பெய்யாதது யார் குற்றமும் கிடையாது. பசிபிக் கடல் சூடேறுகிற எல் நினோ அந்த வருஷங்களில் மிகக் கடுமையாக இருந்தது என்று இன்றைக்கு விஞ்ஞானிகள் விளக்குகிறார்கள். ஆனால் மழை இல்லாததால் மட்டுமே அத்தனை லட்சம் பேர் செத்தார்கள் என்றால் அது பொய். தானியம் நாட்டில் இருந்தது. இங்கிருந்து கோதுமை கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டும் இருந்தது. சென்னை அரசாங்கம் தானாகவே தானியம் வாங்கி இருப்பு வைக்கப் பார்த்தபோது, வைசிராய் லிட்டனின் அரசு அதைக் கண்டித்தது. காரணம் என்ன? வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாதாம், விலை ஏறினால் சரக்குத் தானாக வந்து சேருமாம். விலை ஏறியது, சரக்கும் ரயிலில் வந்தது, ஆனால் வாங்குவதற்குக் கூலிக்காரன் கையில் காசு கிடையாது. அதே சமயத்தில், 1877 ஜனவரி 1ஆம் தேதி, விக்டோரியா ராணியை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க டெல்லியில் பெரிய தர்பார் நடந்தது.

இதில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால், 1873-74இல், பீகாரில் பஞ்சம் வந்தபோது இதே டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசி இறக்குமதி செய்து, தாராளமாக நிவாரணம் கொடுத்து, சாவு பெரிய அளவில் நடக்காமல் தடுத்துக் காட்டியவர். அதற்கு அவருக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை, கஜானாவைக் காலி செய்துவிட்டார் என்ற வசை. அந்த மனிதரைத்தான் 1877இல் செலவைக் குறைக்கச் சொல்லி சென்னைக்கு அனுப்பினார்கள். அவரும் வந்து, நிவாரண வேலையில் மண் வெட்டுகிற ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு ராத்தல் என்றால் அரைக் கிலோகூட இல்லை. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் சுமக்க வேண்டும். மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், இந்த அளவில் வேலை செய்கிற உடம்பு தாங்காது என்று எதிர்த்து எழுதினார், விடாமல் எழுதினார், பிறகுதான் கூலி கொஞ்சம் கூடியது. அப்படி மண் சுமந்தவர்கள் வெட்டியதுதான் சென்னை நகருக்குள் ஓடுகிற பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி. பறக்கும் ரயிலில் போகும்போது கீழே கறுப்பாகத் தெரியுமே, அது.

இந்த டெம்பிளை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஒன்றும் தெரியாதவர் செய்த தவறு என்றால் விட்டுவிடலாம். எப்படிக் காப்பாற்றுவது என்று தெரிந்தவர், ஒரு முறை காப்பாற்றியும் காட்டியவர், மேலே இருப்பவர்கள் முகம் சுளித்தார்கள் என்பதற்காகக் கையை இழுத்துக்கொண்டார். இந்த இடத்தில் போய், "கடவுள் ஏன் தலையிடவில்லை?" என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் தலையிடக் கூடாது என்பதையே கொள்கையாக எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் அங்கே இருந்தார்களே! பஞ்சம் முடிந்த பிறகு எல்லாவற்றையும் வானத்தின் கணக்கில் எழுதிவிட்டால் அவர்களுக்கு எவ்வளவு வசதி!

இதே மண்ணில், இந்தப் பஞ்சத்துக்குச் சில வருஷம் முன்னால், இன்னொருவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 1867 மே 23ஆம் தேதி வடலூரில் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலம் கொடுத்தார்கள். அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது, வருகிறவர் என்ன சாதி, என்ன மதம் என்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். இது உங்களுக்கெல்லாம் தெரிந்த செய்திதான். ஆனால் அதிகம் பேசப்படாத ஒன்று அவர் ஜீவகாருண்ய ஒழுக்கம் பற்றி எழுதிய உரைநடையில் இருக்கிறது. அங்கே அவர் ஒரு கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொள்கிறார். பசியால் வாடுகிறவர்கள் முற்பிறப்பில் செய்த வினைக்குக் கடவுள் விதித்த தண்டனையை அனுபவிக்கிறார்கள் என்றால், நாம் சோறு போடுவது கடவுளின் கட்டளைக்கு எதிராகப் போவது ஆகாதா?

இந்தக் கேள்வி விளையாட்டுக் கேள்வி கிடையாது. "அவன் தலையெழுத்து, நாம் என்ன செய்ய முடியும்?" என்று நாம் நாள்தோறும் சொல்வது இதே வாதம்தான், கொஞ்சம் நாகரிகமாகக் கேட்டால் இப்படி வரும். வள்ளலார் அதற்குச் சொல்லும் விடை எவ்வளவு எளியது என்று பாருங்கள். தன் கட்டளையை மீறிய கொடிய குற்றவாளியை அரசன் சிறையில் விலங்கு போட்டு வைக்கிறான், ஆனாலும் தன் சேவகர்களைக் கொண்டு அந்தக் கைதிக்கும் சோறு கொடுக்கச் செய்கிறான். அப்படியிருக்க, பசித்தவனுக்கு ஊட்டுவது எப்படிக் கடவுளுக்கு விரோதமாகும் என்கிறார். கவனியுங்கள், வள்ளலார் வினையை மறுத்தவர் இல்லை, கடவுளை மறுத்தவரும் இல்லை. முழு நம்பிக்கையோடு இருந்துகொண்டே, அந்த நம்பிக்கையைப் பசித்தவனுக்கு எதிராகப் பயன்படுத்த விடாமல் கதவைச் சாத்துகிறார். கடவுள் ஏன் தடுக்கவில்லை என்று எவ்வளவு வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டிருக்கலாம், ஆனால் நீ ஏன் சோறு போடவில்லை என்பதற்கு அதை விடையாகக் கொடுக்க முடியாது. என் கருத்தில், இந்த விஷயத்தில் தமிழில் யாரும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

பெரியவர்கள்கூட இந்த இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள். 1934 ஜனவரி 15ஆம் தேதி பீகாரில் பெரும் நிலநடுக்கம். காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புக்காகத் தென்னிந்தியாவில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்று சொன்னார். தாகூர் அதைக் கடுமையாக மறுத்தார், காந்தியும் அந்த மறுப்பைத் தன் பத்திரிகையிலேயே வெளியிட்டு பதிலும் எழுதினார். அந்த நேர்மை பெரியது. தீண்டாமை பாவம் என்பதிலும் காந்தி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் இடிந்து விழுந்த சுவருக்கு அடியில் தீண்டப்படாதவர்களும்தானே கிடந்தார்கள்? அவர்கள் யாருடைய பாவத்துக்குத் தண்டனை பெற்றார்கள்? நல்ல காரியத்துக்காகக்கூட ஒருவருடைய சாவுக்குக் கடவுளின் பெயரில் அர்த்தம் எழுதக் கூடாது. அதற்கு நமக்கு உரிமை இல்லை.

அப்புறம் 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்கு மாதாவைக் கும்பிட வந்தவர்கள் கடற்கரையில் இருந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் ஆறாயிரம் பேர் இறந்தார்கள். கும்பிட வந்த இடத்திலேயே இப்படி நடந்ததே என்ற கேள்வி அன்றைக்கு எல்லார் மனதிலும் இருந்தது, எனக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அந்த அலையை எந்த மனிதனும் அனுப்பவில்லை, அது உண்மை. ஆனால் இன்னொரு உண்மையும் உண்டு. சுமத்ராவுக்குப் பக்கத்தில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஆறரை மணிக்கு. அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் அரசு தரப்பில் யாரும் கரையில் இருந்தவர்களிடம் "ஓடுங்கள்" என்று சொல்லவில்லை. சொல்வதற்கு ஓர் ஏற்பாடே இந்தியப் பெருங்கடலில் கிடையாது, பசிபிக் கடலுக்குப் பல பத்தாண்டுகளாக இருந்தது. 2007இல்தான் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரலில் சுமத்ரா பக்கம் மறுபடி பெரிய நிலநடுக்கம் வந்தபோது எச்சரிக்கை வந்தது, மெரினாவிலிருந்து மக்களை வெளியேற்ற முடிந்தது.

சுனாமி வந்த அந்த வாரத்தில் நல்லதும் பார்த்தோம். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் அன்றைக்கே மீனவக் கிராமத்து மக்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனார்கள், நாகூர் தர்கா தன் இடத்தில் எல்லா மதத்தவர் உடல்களையும் அடக்கம் செய்ய விட்டது. அதே வாரத்தில், நாகப்பட்டினம் மாவட்டத்தில், நிவாரண முகாமில் தலித் குடும்பங்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம், ஒரே தண்ணீர்த் தொட்டியில் பிடிக்க விட மாட்டோம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அலை சாதி பார்க்கவில்லை, கரையில் நின்றவர்கள் பார்த்தார்கள். இந்தக் கொடுமைக்குக் கடவுளிடம் போய் என்ன விளக்கம் கேட்பது?

கடைசியாக, இன்றைக்கு நம் தெருவில் நடப்பது. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி விஷவாயுவில் மூச்சடைத்துச் சாகிறவர்களைப் பற்றிச் செய்தி வராத மாதம் இருக்கிறதா? ஒருவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரும் சாவார். 2013இல் சட்டம் வந்துவிட்டது, பாதுகாப்பு இல்லாமல் மனிதனை உள்ளே இறக்குவது குற்றம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு முப்பது லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. இயந்திரமும் இருக்கிறது. இதற்குப் பிறகும் ஓர் ஆள் உள்ளே இறங்குகிறார் என்றால், லாரிக்குப் பணம் அதிகம் என்று பேரம் பேசிய ஒரு வீட்டுக்காரர் இருக்கிறார், "சீக்கிரம் இறங்குப்பா" என்று சொன்ன ஒரு கான்ட்ராக்டர் இருக்கிறார், பார்த்தும் பார்க்காத ஓர் அதிகாரி இருக்கிறார். செத்த பிறகு எல்லோரும் சேர்ந்து "அவன் விதி அவ்வளவுதான்" என்கிறார்கள். அந்தச் சொல்லை எங்கே கேட்டாலும் அங்கேயே மறுத்துப் பேசுங்கள், சொல்கிறவர் உங்கள் வீட்டுப் பெரியவராக இருந்தாலும் சரி. உங்கள் வீட்டிலோ அடுக்ககத்திலோ தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றால் 14420 என்ற எண்ணுக்கு அழையுங்கள், உரிமம் உள்ள லாரி வரும். அடைப்பு பெரியது, ஆள் இறங்கித்தான் எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், முடியாது, இயந்திரம் கொண்டுவாருங்கள் என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் இறக்குவதைப் பார்த்தால் போய்த் தடுங்கள், சண்டை வந்தால் வரட்டும்.