பின்னணி இசைக்கும் பாடபேதம் உண்டு

வணக்கம். பாடபேதம் என்றால் ஒரே நூல் ஏட்டுக்கு ஏடு வேறுபட்டிருப்பது. தலைப்பைப் பார்த்துவிட்டு ஏதோ சங்க இலக்கியக் கூட்டம் என்று நினைத்து யாராவது வந்து உட்கார்ந்திருந்தால் மன்னிக்கவும். பேசப்போவது ஹாலிவுட் படங்களின் ஆர்க்கெஸ்ட்ரா இசையைப் பற்றி. அதை எழுதியவர்களைப் பற்றிக்கூட அதிகம் இல்லை, அந்தப் பதிவுகளைத் தேடிச் சேர்த்து, வெட்டி, ஒட்டி, ஒன்றோடு ஒன்றை வைத்துக் கேட்டு, விடிய விடியச் சண்டை போடுகிற ரசிகர்களைப் பற்றி. நானும் அந்தக் கூட்டம்தான், அதனால் கொஞ்சம் பட்சபாதம் இருக்கும்.

எல்லோரும் கேட்கிற கேள்வி, "சவுண்ட்டிராக் சிடி கடையிலேயே கிடைக்குமே, அப்புறம் எதை வெட்டுகிறீர்கள், எதை ஒட்டுகிறீர்கள்?" நியாயமான கேள்விதான். ஆனால் கடையில் கிடைக்கிற சிடியில் இருப்பது படத்தில் கேட்ட இசை இல்லை. படத்தில் கேட்டது இசையமைப்பாளர் எழுதியதும் இல்லை. எழுதியது ஒன்று, ஸ்டூடியோவில் வாசித்துப் பதிவானது ஒன்று, எடிட்டர் படத்தில் வைத்தது ஒன்று, ரெக்கார்டுக்காகத் தொகுத்தது இன்னொன்று. ஆக நான்கு பிரதிகள். இதில் எது அசல் என்றுதான் எங்கள் சண்டை முழுக்க, அதற்கு முடிவே கிடையாது என்பது என் கட்சி.

ஏலியன் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1979, இசை ஜெர்ரி கோல்ட்ஸ்மித், வாசித்தது நேஷனல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு, கண்டக்டர் லயனல் நியூமன். படத் தொடக்கத்துக்கு கோல்ட்ஸ்மித் முதலில் எழுதியது டிரம்பெட்டை முன்னால் வைத்து, விண்வெளியின் மர்மத்தைச் சொல்கிற, கொஞ்சம் ரொமான்டிக்கான ஒன்று. இயக்குநர் ரிட்லி ஸ்காட்டுக்கு அது வேண்டியிருக்கவில்லை. சரி என்று, விநோத சத்தங்களாக வேறொன்றை எழுதிக் கொடுத்தார், படத்தில் இருப்பது அதுதான். அதோடு விட்டார்களா? எடிட்டிங்கின்போது தற்காலிகமாக வைத்திருந்த பழைய இசை சில இடங்களில் அப்படியே தங்கிவிட்டது. அது 1962-இல் ஃபிராய்ட் என்ற படத்துக்கு இதே கோல்ட்ஸ்மித் எழுதியது. படம் முடிந்து பெயர்கள் ஓடுகிறபோது வருவதோ ஹோவர்ட் ஹான்சன் என்ற அமெரிக்கருடைய இரண்டாவது சிம்பொனி, அதற்கும் இந்தப் படத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பிறகு எல்பி, அதாவது இசைத்தட்டு, வந்தபோது கோல்ட்ஸ்மித் என்ன செய்தார் தெரியுமா, தனக்குப் பிடித்த அந்த முதல் தொடக்கத்தையே அதில் வைத்தார்.

இப்போது ஒரு ரசிகர் "முழுமையான ஏலியன்" செய்யப்போகிறேன் என்று உட்கார்கிறார். படத்தில் வந்தபடி செய்தால் ஹான்சனைச் சேர்க்க வேண்டும், ஃபிராய்டைச் சேர்க்க வேண்டும், கோல்ட்ஸ்மித் இந்தப் படத்துக்கென்றே எழுதியதில் ஒரு பகுதியைத் தூக்கி எறிய வேண்டும். எழுதியபடி செய்தால் படம் பார்த்த எவரும் "இதுவா அந்த இசை?" என்பார்கள். 2007-இல் இன்ட்ராடா நிறுவனம் இதை இரண்டு சிடியாகக் கொண்டுவந்தபோது சரியான காரியம் செய்தது. முதலில் எழுதியதை ஒரு வரிசையாகவும், திருத்தி எழுதியவற்றைத் தனியாகவும், பழைய எல்பி தொகுப்பை இன்னொரு பக்கமும் வைத்தார்கள். எதையும் எதோடும் கலக்கவில்லை.

நம் ஊரில் இது யாருக்கும் புதிய விஷயம் இல்லை. உ.வே.சா. என்ன செய்தார்? ஊர் ஊராக ஏடு தேடினார், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டார், ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு மற்றவற்றைப் பிரதிபேதம் என்று கீழே கொடுத்தார். தான் விட்டதை வாசகர் பார்க்கட்டும் என்று வைத்துவிட்டுப் போனார். எங்கள் ஆட்களில் பலர் முதல் பாதியைப் பிரமாதமாகச் செய்கிறார்கள், கடைசிப் பாதியில்தான் கோட்டை விடுகிறார்கள்.

எங்களுக்கு ஏடுகள், அதாவது பதிவுகள், எங்கிருந்து கிடைக்கின்றன? முறையான சிடி ஒன்று. ஆனால் அது நெடுங்காலம் குட்டையாகவே இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவான இசையை ஆல்பமாகப் போட்டால் வாத்தியக் கலைஞர்களின் சங்கத்துக்கு மறுபடி ஒரு தொகை கட்ட வேண்டும். அதனால் தொண்ணூறுகளில்கூட இரண்டு மணி நேரப் படத்துக்கு முப்பது நிமிட சிடி. அதை வாங்கி வைத்துக்கொண்டு, நமக்குப் பிடித்த அந்த ஒரு இடம் மட்டும் இல்லையே என்று பல்லைக் கடித்த தலைமுறை நாங்கள். பிறகு மூவாயிரம் பிரதி மட்டும் அச்சிடுகிற சிறு வெளியீடுகள் வந்தன. ஃபிலிம் ஸ்கோர் மன்த்லி, இன்ட்ராடா, லா-லா லேண்ட், வாரீஸ் சராபாண்ட் என்று பெயர் சொன்னாலே சிலருக்குப் பர்ஸ் வலிக்கும்.

அடுத்தது டிவிடி. முன்னும் பின்னுமாகப் பல ஸ்பீக்கர்களுக்குத் தனித்தனியாகப் பிரித்த 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில் இருக்கும், பக்கவாட்டிலும் பின்னாலும் இருப்பவற்றில் இசை ஓரளவு சுத்தமாகக் கிடைக்கும், கூடவே வெடிச்சத்தமும் கிடைக்கும், என்ன செய்வது. சில வட்டுகளில் இசையை மட்டும் தனி டிராக்காகக் கொடுத்திருப்பார்கள், அது கிடைத்தால் அன்று தீபாவளி. ஆனால் ஐரோப்பியத் தொலைக்காட்சிகளுக்கான பால் (PAL) முறை டிவிடி என்றால் ஜாக்கிரதை. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடவேண்டிய படத்தை 25-இல் ஓட்டுகிறார்கள், இசை நான்கு சதவீதம் வேகமாகி, சுருதி அரைச்சுரத்தில் முக்கால் பங்குக்குக் கிட்ட ஏறிவிடுகிறது. இதைச் சரிசெய்யாமல் சிடியோடு ஒட்டிவிட்டு "இரண்டும் வேறு வேறு டேக்", அதாவது தனித்தனியாக வாசித்துப் பதிந்தவை, என்று சத்தியம் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒரே டேக்கா என்று பார்க்க நல்ல வழி இருக்கிறது. இரண்டு கோப்புகளையும் ஆடாசிட்டி என்கிற ஒலி எடிட்டிங் மென்பொருளில் போட்டு, நூலிழை பிசகாமல் சேர்த்து வைத்து, ஒன்றின் அலைவடிவத்தைத் தலைகீழாக்கிக் கூட்டுங்கள். இரண்டும் ஒரே டிஜிட்டல் மூலத்திலிருந்து வந்தவை என்றால் மௌனம்தான் மிஞ்சும். பழைய காந்த நாடாவிலிருந்து வெவ்வேறு காலத்தில் எடுத்தவை என்றால் வேகம் நெளியும், முழுதாக அடங்காது, அப்போது காதைத்தான் நம்ப வேண்டும். இன்னொன்று, லாஸ்லெஸ், அதாவது ஒலியில் எதுவும் இழக்காதது, என்று யாராவது ஒரு கோப்பைக் கொடுத்தால் ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டுகிற ஸ்பெக்ட்ரோகிராமில் பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் வெறுமையாக இருந்தால், அது அநேகமாக எம்பி3-யிலிருந்து வேஷம் போட்டு வந்தது.

(இந்த இடத்தில் முன்வரிசையிலிருந்து ஒருவர், "எல்லாவற்றையும் படத்தில் வரும் வரிசையில் அடுக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?" என்று கேட்டார்.)

இந்த வரிசை மோகம்தான் எனக்கு ஒத்துவராதது. ஸ்டார் வார்ஸ் முதல் படம் பதிவானது 1977 மார்ச்சில், லண்டனுக்குப் பக்கத்தில் டென்ஹாமில் இருந்த ஆன்வில் ஸ்டூடியோவில், வாசித்தது லண்டன் சிம்பொனி இசைக்குழு. அதே ஆண்டு வந்த இரட்டை எல்பியில் ஜான் வில்லியம்ஸ் படத்தின் வரிசையைப் பின்பற்றவே இல்லை. தொடக்க இசையோடு முடிவு இசையின் கடைசிப் பகுதியைச் சேர்த்து ஒரு கச்சேரி உருப்படியாக்கினார். எல்பியின் ஒவ்வொரு பக்கமும் தனியாகக் கேட்க நன்றாக இருக்க வேண்டும் என்று அடுக்கினார். இதைச் "சிதைத்துவிட்டார்" என்று சொல்லி, வரிசைப்படுத்துகிறேன் பேர்வழி என்று கிளம்புகிறவர்கள், எழுதியவரே செய்த தொகுப்பைத்தான் சிதைக்கிறார்கள். படத்தின் வரிசை தெரிந்துகொள்ள வேண்டியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. அதுவும் ஒரு பிரதி, அவ்வளவுதான்.

அந்தப் படத்தில் இரண்டு சூரியன்கள் மறைகிற காட்சிக்கு முதலில் எழுதியது வேறு இசை, நமக்குத் தெரிந்த மெட்டு அங்கே பிறகு வந்தது. 1997-இல் வந்த இரட்டை சிடியில் அந்த முதல் வடிவம் இருக்கிறது, அதன் பின்னால், கொஞ்சம் மௌனத்துக்கு அப்புறம், தொடக்க இசையின் அடுத்தடுத்த டேக்குகள் ஒளிந்திருக்கின்றன. டிரம்பெட் மாரிஸ் மர்ஃபி. லண்டன் சிம்பொனியில் அவருக்கு அது முதல் நாள் வேலை என்பார்கள். முதல் நாளே அந்த உச்ச சுரங்கள்!

மறுபதிவு என்பது தனி உலகம், அதைத் தொட்டுவிட்டுப் போகிறேன். 2001: எ ஸ்பேஸ் ஒடிஸி படத்துக்கு அலெக்ஸ் நார்த் எழுதிய இசையை இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் பயன்படுத்தவே இல்லை. 1993-இல் கோல்ட்ஸ்மித், தன் நண்பருக்காக, அதை நேஷனல் ஃபில்ஹார்மோனிக்கை வைத்துப் புதிதாகப் பதிவு செய்தார். 2007-இல் 1968-ஆம் ஆண்டின் மூலப் பதிவே மோனோவில், அதாவது ஒற்றைச் சேனலில், வந்தது. ஒலியழகுக்கு முதலாவதைக் கேட்கலாம். ஆனால் நார்த் இருந்தபோதே வாசித்தது எப்படி என்றால் இரண்டாவதுதான், எனக்கு அதுதான் வேண்டும். எழுபதுகளில் கண்டக்டர் சார்ல்ஸ் கெர்ஹார்ட் செய்த மறுபதிவுகள் பல லண்டன் கிங்ஸ்வே ஹாலில் எடுத்தவை. அபாரமான ஒலி, ஆனால் அந்த மண்டபத்துக்குக் கீழே அப்போது சுரங்க ரயில் ஓடிக்கொண்டிருந்தது, நல்ல ஹெட்ஃபோன் போட்டால் அங்கே எடுத்த பதிவுகளில் அந்த உறுமல் சிலநேரம் கேட்கும். அதையும் நீக்குகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள், நீக்கும்போது தாழ்ந்த சுரங்கள் வாசிக்கிற டபுள் பேஸும் சேர்ந்து போய்விடுகிறது.

இங்கே நமக்கும் இதே வேலை உண்டு, இன்னும் கஷ்டமாக. இளையராஜாவின் பின்னணி இசையில் பெரும்பகுதி ரெக்கார்டாகவே வரவில்லை, வந்தது பாட்டுதான். ரசிகர்கள் படத்திலிருந்தே வெட்டி எடுக்கிறார்கள். எண்பதுகளின் படங்கள் பெரும்பாலும் மோனோ, நடு சேனலைக் கழற்றுகிற வித்தை செல்லாது. இப்போது குரலைப் பிரிக்கிற மென்பொருள் வந்திருக்கிறது, நன்றாகத்தான் செய்கிறது, ஆனால் வயலின்கள் தண்ணீருக்குள் வாசிப்பதுபோல் ஆகிவிடும். அதைச் சுத்தப்படுத்த எதிரொலி சேர்ப்பார்கள், மறைந்த இடத்தைக் கீபோர்டில் வாசித்து நிரப்புவார்கள், கடைசியில் "ஒரிஜினல் பிஜிஎம்" என்று பெயர் போடுவார்கள். வாசித்து நிரப்பியது தப்பே இல்லை. எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை நிரப்பினீர்கள், எந்த வட்டிலிருந்து எடுத்தீர்கள் என்று கோப்போடு ஒரு சின்னக் குறிப்பு வையுங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன். பத்து வருஷம் கழித்து அந்தக் கோப்பு ஒன்றுதான் மிஞ்சியிருக்கும், அடுத்தவர் அதன்மேல்தான் ஒட்டப்போகிறார்.

சரி, போதும். அந்த 1997 சிடியிலிருந்து தொடக்க இசையின் டேக்குகளை வரிசையாகப் போடுகிறேன். நம்பர் சொல்ல மாட்டேன். தொடக்கத்து டிரம்பெட்டையும், அதற்கு அடியில் ஹார்ன் வாத்தியங்கள் எவ்வளவு முன்னால் நிற்கின்றன என்பதையும் கவனித்து, உங்களுக்குப் பிடித்ததைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பின்வரிசை, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.