ரெண்டு பஃப் அடித்தால் ஊக்கமருந்தா? ஃப்ரூம், உலிஸ்ஸி, பெடாக்கி

வணக்கம். இன்றைக்கு சைக்கிள் வீடியோ இல்லை, உட்கார்ந்து பேசப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை நடந்தது மனதை விட்டுப் போகவே இல்லை.

ஞாயிறு என்றால் காலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவேன், உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் ஏற்காடு. அடிவாரத்தில் நின்று வழக்கம்போல இன்ஹேலர் ரெண்டு பஃப் அடித்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு, பழைய வீடியோக்களில் சொல்லியிருக்கிறேன். இருபது ஹேர்பின் வளைவும் ஒரு தடவைகூடக் காலை ஊன்றாமல் ஏறிவிட்டேன்! முதல் தடவை. பதினேழாவது வளைவில் ஒரு பஸ் குறுக்கே வந்தது, அப்போதும் ஊன்றவில்லை. மேலே போய் டீ குடிக்கும்போது குழுவில் ஒரு தம்பி எல்லோர் முன்னாடியும் சொன்னான்: "அக்கா, நீங்க மருந்து அடிச்சிட்டு ஏறுனீங்க, இது செல்லாது. ஃப்ரூம் பண்ணதும் இதேதான்."

என்னை விடுங்கள். பிரிட்டன் சைக்கிள் வீரர் கிறிஸ் ஃப்ரூமின் கதையை அவன் தப்பாகச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் ஃப்ரூம் ரசிகை கிடையாது. முழங்கையை விரித்துக்கொண்டு, மிதிக்கும் சக்தியைக் காட்டும் பவர் மீட்டரையே குனிந்து பார்த்து ஓட்டுகிற அந்த ஸ்டைல் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நான் இத்தாலி வீரர் நிபாலி பக்கம். ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும்.

2017 செப்டம்பர் 7, ஸ்பெயினின் மூன்று வார சைக்கிள் பந்தயமான வுவெல்டாவின் 18-ஆவது ஸ்டேஜ், அதாவது 18-ஆவது நாள் ஓட்டம். முதல் நாள் மலையில் ஃப்ரூம் நிபாலியிடம் நேரத்தை இழந்திருந்தார். ஆஸ்துமா அதிகமாகிவிட்டது, அணி மருத்துவர் சொல்லி இன்ஹேலரைக் கூட்டினேன் என்பது அவர் தரப்பு. அன்றைய சோதனையில் சிறுநீரில் இருந்த சால்புட்டமால், அதாவது இன்ஹேலர் மருந்து, ஒரு மில்லிக்கு 2000 நானோகிராம். அனுமதி 1000. இருங்கள், அதைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன்: வரம்பு 1000, ஆனால் அளவீட்டுப் பிழைக்கு இடம் விட்டு 1200-க்கு மேல் போனால்தான் நடவடிக்கை.

சால்புட்டமால் என்பது நம் ஊர் மெடிக்கலில் அஸ்தாலின் என்று கேட்டு வாங்குகிற அதே மருந்துதான். ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் விதிப்படி அப்போது 24 மணி நேரத்தில் 1600 வரை இழுக்கலாம், அதிலும் 12 மணி நேரத்தில் 800-ஐத் தாண்டக் கூடாது. அதாவது நாளைக்குப் பதினாறு பஃப் வரை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நான் அடிப்பது ரெண்டு. தம்பி, குறித்துக்கொள்.

பஃப் என்றதும் ஞாபகம் வருகிறது, இன்ஹேலர் முனையில் மாட்டுகிற ஸ்பேசர் குழாய் வாங்கிவிட்டேன்! போன வீடியோவில் புலம்பினேனே, அதுதான். முதல் கடையில் 420 ரூபாய். ஒரு பிளாஸ்டிக் குழாய்க்கு 420! அடுத்த கடையில் 380, அதுவும் பெட்டி பிரிந்திருந்தது. மூன்றாவது, பஸ் ஸ்டாண்டு பின்னால் ஒரு சின்னக் கடை, 240 ரூபாய். கடைக்காரத் தாத்தா எடுத்துக் கொடுத்ததோடு, எப்படி மூச்சு இழுக்க வேண்டும், பத்து எண்ணும் வரை எப்படி அடக்க வேண்டும் என்று நின்று சொல்லிக்கொடுத்தார். 180 ரூபாய் மிச்சம் என்பதைவிட அந்தப் பத்து நிமிடம்தான் எனக்குப் பெரிது. ஸ்பேசர் இல்லாமல் அடித்தால் பாதி மருந்து தொண்டையில் படிந்து வயிற்றுக்குத்தான் போகும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இழுத்த மருந்து எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை. சிறுநீரில் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்றுதான் அளக்கிறார்கள். நான் ஏற்காடு ஏறி இறங்கிய பிறகு டிகாஷன் நிறத்தில் போகும். வீட்டில் உட்கார்ந்து நாலு செம்பு தண்ணீர் குடித்திருந்தால் வெள்ளையாகப் போகும். மருந்து அதே ரெண்டு பஃப், தண்ணீர் பாதியானால் எண் இரட்டிப்பு. மூன்று வாரம் மலை மலையாக ஏறுகிறவன் உடம்பில் நீர் வற்றாமல் இருக்குமா? ஃப்ரூமின் 2000-ஐச் சிறுநீரின் அடர்த்திக்கு ஏற்பச் சரிசெய்தபோது 1429 ஆனது. அப்போதும் வரம்புக்கு மேல்தான், ஆனால் பத்திரிகைத் தலைப்பில் வந்த "இரண்டு மடங்கு" இல்லை.

அப்படிப்பட்ட வழக்கில் விதி என்ன சொல்கிறது தெரியுமா? ஆய்வகத்தில் அனுமதித்த அளவை இழுத்து, அதே எண் வருகிறது என்று வீரரே காட்ட வேண்டும். ஃப்ரூமுக்கு அது வேண்டாம் என்று வாடாவே ஒப்புக்கொண்டது. அந்த நாளின் நிலைமையை ஆய்வகத்தில் மறுபடி உண்டாக்க முடியாதாம். 2018 ஜூலை 2-ஆம் தேதி உலக சைக்கிள் கூட்டமைப்பான யூசிஐ வழக்கை மூடிவிட்டது. டூர் டி பிரான்ஸ் தொடங்க ஐந்தே நாள் இருந்தது. வழக்கு நடந்துகொண்டிருந்த போதே, அந்த மே மாதம் இத்தாலியின் பெரிய பந்தயமான ஜிரோவையும் ஜெயித்திருந்தார். சால்புட்டமாலுக்கு உடனடி இடைநீக்கம் கட்டாயமில்லை, அதனால் அதிலும் விதிமீறல் இல்லை.

அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். எனக்கு வயிறு எரிவது வேறு இடத்தில்.

இத்தாலி வீரர் டியகோ உலிஸ்ஸி, 2014 ஜிரோ. அதே மருந்து, 1900 நானோகிராம். ஃப்ரூமைவிடக் குறைவு! ஒன்பது மாதத் தடை. மனுஷன் திரும்பி வந்து 2015 ஜிரோவில் ஒரு ஸ்டேஜ் ஜெயித்தார், அன்றைக்கு நான் வீட்டில் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அலெஸ்ஸாண்ட்ரோ பெடாக்கி, 2007 ஜிரோ. ஐந்து ஸ்டேஜ் ஜெயித்த ஸ்பிரின்டர், கடைசி நேர வேகப் பாய்ச்சலில் ஜெயிக்கிறவர். அதே மருந்துதான், எண் 1300-ஐக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். அவருக்கு ஆஸ்துமா என்று முறையான அனுமதிச் சீட்டும் இருந்தது. இத்தாலிய சைக்கிள் கூட்டமைப்பு அவரை விடுவித்தது, பிறகு மேல்முறையீடு, 2008-இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் தடை போட்டது. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று அதே நீதிமன்றம் சொன்னது! ஆனாலும் அந்த ஐந்து வெற்றியும் போயிற்று, அணியும் அவரை அனுப்பிவிட்டது.

சிறுநீர் அடர்த்திக்கு ஏற்ப எண்ணைத் திருத்தும் முறை விதிக்குள் வந்ததே 2018-இல்தான். அப்படியானால் பழைய கோப்புகளையும் திறந்து பார்க்க வேண்டாமா? பெடாக்கியின் 1300-ஐயும் திருத்திப் பார்க்க வேண்டாமா? ஃப்ரூம் வழக்கின் முழுக் காரணங்களை வெளியிட்டிருந்தால், அடுத்து மாட்டுகிற சின்ன அணிக்காரனும் அதைக் காட்டிக் கேட்டிருப்பான். வெளியிடவில்லை. பணமுள்ள அணியின் நிபுணர்கள் கண்டுபிடித்த வாதம் அந்தக் கோப்புக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. அநியாயம் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஊக்கமருந்தில் மாட்டிய அமெரிக்க சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கை இதோடு சேர்க்காதீர்கள். 1999-இலேயே ஸ்டீராய்டு தடயம் வந்தபோது, களிம்பு பூசியதால் வந்தது என்று முன்தேதியிட்ட மருந்துச் சீட்டைக் காட்டித் தப்பித்தவர். அவரை 2012-இல் வீழ்த்தியதும் சிறுநீர்ப் புட்டி இல்லை, கூட ஓட்டியவர்களின் சாட்சியம். அந்த ஆளை நான் மன்னிக்கப் போவதில்லை. அவரையும் ஆஸ்துமாக்காரர்களையும் ஒரே பட்டியலில் போட்டுப் பேசினால் எனக்குக் கோபம் வரும். தம்பி, இதை நீ பார்ப்பாய் என்று தெரியும். அடுத்த ஞாயிறு டீ நான் வாங்கித் தருகிறேன், ஆனால் "செல்லாது" என்ற வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

அய்யோ, ஸ்பேசரில் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கழுவிய பிறகு துணியால் துடைக்காதீர்கள். துடைத்தால் உள்ளே மின்னூட்டம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளுமாம். சோப்புத் தண்ணீரில் அலசி, கவிழ்த்து வைத்துத் தானாகக் காய விடுங்கள். தாத்தா ரெண்டு தடவை சொன்னார்.