‘லைக்லி’ என்றால் எத்தனை சதவீதம்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு காரியம் நடக்குமா, நடக்காதா என்று சொல்ல ஆங்கிலத்தில் இருக்கும் சொற்களை எண்ண ஆரம்பித்தால் கைவிரல்கள் போதாது. மே, மைட், குட், மேபி, பெர்ஹாப்ஸ், ப்ராபப்ளி, லைக்லி, பவுண்ட் டு, ஆல்மோஸ்ட் சர்ட்டன் என்று போய்க்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில் இவற்றை ஏணிப்படி மாதிரி அடுக்கிச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். கீழ்ப்படியில் ‘மைட்’, அதற்கு மேலே ‘மே’, உச்சியில் ‘மஸ்ட்’. சில இலக்கணப் புத்தகங்கள் பக்கத்திலேயே சதவீதமும் போட்டுவிடும். தேர்வு எழுத அது போதும். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் யாரும் இந்த ஏணியைச் சுமந்துகொண்டு பேசுவதில்லை.

‘மே’, ‘மைட்’ இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். “ஐ மே கம்” என்பதற்கும் “ஐ மைட் கம்” என்பதற்கும் இன்றைய பேச்சில் அளவு வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. பேச்சில் ‘மைட்’ அதிகம் புழங்குகிறது, ‘மே’ கொஞ்சம் விறைப்பாகக் கேட்கிறது, அவ்வளவுதான். போதாக்குறைக்கு ‘மே’வுக்கு அனுமதி என்ற பொருளும் உண்டு. “ஸ்டூடன்ட்ஸ் மே லீவ் அட் ஃபோர்” என்று பலகையில் எழுதியிருந்தால், நான்கு மணிக்குப் போகலாம் என்று அர்த்தமா, போனாலும் போய்விடுவார்கள் என்று அர்த்தமா? இடத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இறந்தகாலத்துக்குப் போனால் கதை மாறுகிறது. ஆற்றில் விழுந்த ஒருவரைப் பற்றி, “ஹி மே ஹேவ் ட்ரௌன்ட்” என்றால் அவர் கதி என்ன ஆயிற்று என்று இன்னும் தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறார்கள். “ஹி மைட் ஹேவ் ட்ரௌன்ட்” என்றால் முழுகிப் போயிருப்பார், நல்லவேளை, தப்பிவிட்டார் என்றும் பொருள் வரும். இப்போது பலர் இரண்டையும் கலந்துதான் எழுதுகிறார்கள். ஆனாலும் கவனமான பத்திரிகை ஆசிரியர்கள் இன்றைக்கும் இதைத் திருத்துவார்கள். உயிர் போன செய்தியா, பிழைத்த செய்தியா என்பது ஒரே சொல்லில் நிற்கிறதே, திருத்தாமல் விட முடியுமா?

‘மஸ்ட்’ விஷயம் இன்னும் வேடிக்கை. வீட்டில் விளக்கு எரிகிறது, வாசலில் வண்டி நிற்கிறது. “ஹி மஸ்ட் பி அட் ஹோம்” என்கிறோம். அடித்துச் சொல்வது போல இருக்கிறது. ஆனால் “ஹி இஸ் அட் ஹோம்” என்ற சாதாரண வாக்கியம்தான் அதைவிடப் பலமானது. நேரில் பார்த்தவருக்கு ‘மஸ்ட்’ தேவையே இல்லை. ஊகித்தவர்தான் அதைப் போட்டுப் பேசுவார். இந்த ‘மஸ்ட்’டுக்கு எதிர்மறையாக ‘மஸ்ட் நாட்’ என்று சொல்லிவிடாதீர்கள். ‘கான்ட்’ என்பதுதான் வழக்கு. “ஹி கான்ட் பி அட் ஹோம்.” இங்கிலாந்தில் அழைப்பு மணி அடித்தால் உள்ளே இருப்பவர், “தட்ல் பி த போஸ்ட்மேன்” என்பார். ‘வில்’ என்றால் எதிர்காலம் என்று படித்த நமக்கு இது திடுக்கென்றிருக்கும். தபால்காரர் இனிமேல் வரப்போவதில்லை, இப்போதே வாசலில்தான் நிற்கிறார். தினமும் இந்த நேரத்துக்கு வருகிறவர் என்பதால் வந்த ஊகம் அது.

இன்னொரு ஜோடியையும் சொல்லிவிடுகிறேன். “ஷி இஸ் ஷூர் டு வின்” என்றால் அவள் ஜெயிப்பாள் என்ற நம்பிக்கை பேசுகிற எனக்கு. “ஷி இஸ் ஷூர் ஆஃப் வின்னிங்” என்றால் நம்பிக்கை அவளுக்கு. நான் எதற்கும் பொறுப்பில்லை. சிறிய ‘டு’, சிறிய ‘ஆஃப்’, ஆனால் யார் தலையில் பொறுப்பு என்பதே மாறிவிடுகிறது.

சரி, இதுவரை சொன்னது வீட்டுப் பேச்சு. அங்கே குரல், முகம், பழக்கம் எல்லாம் சேர்ந்து மிச்சப் பொருளைச் சொல்லிவிடும். இதே சொற்கள் அரசாங்கக் கோப்பில் ஏறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

1951. யூகோஸ்லாவியாவின் தலைவர் டிட்டோ, சோவியத் தலைவர் ஸ்டாலினோடு முறித்துக்கொண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. சோவியத் அணி அந்த நாட்டின்மேல் படையெடுக்குமா என்று அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் மதிப்பீட்டுக் குழு ஓர் அறிக்கை தயாரித்தது. அந்த வருடம் தாக்குதல் நடப்பதை ‘சீரியஸ் பாசிபிலிட்டி’யாகக் கருத வேண்டும் என்று அதில் எழுதினார்கள். குழுவில் முக்கியப் பொறுப்பில் இருந்தவர் ஷெர்மன் கென்ட், யேல் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். சில நாள் கழித்து வெளியுறவுத் துறையின் உயர் அதிகாரி ஒருவர் பேச்சுவாக்கில் அவரைக் கேட்டார்: “சீரியஸ் பாசிபிலிட்டி என்று எழுதினீர்களே, எந்த அளவு என்று நினைத்து எழுதினீர்கள்?” நடக்கும் என்பதற்கு 65, நடக்காது என்பதற்கு 35 என்றார் கென்ட். கேட்டவர் ஆடிப்போய்விட்டார். அவரும் அவருடைய ஆட்களும் அதைவிட மிகக் குறைவாக அல்லவா எடுத்துக்கொண்டிருந்தார்கள்!

கென்ட்டுக்கு உறுத்தியது. அந்த அறிக்கைக்குத் தலையாட்டிய தன் சகாக்களிடமே ஒவ்வொருவராக விசாரித்தார். ஒருவர் 80–20 என்றார். இன்னொருவர் அதற்கு நேர் எதிராக 20–80 என்றார். மற்றவர்கள் இடையில் எங்கெங்கோ நின்றார்கள். ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே வாக்கியத்தை ஏகமனதாக ஒப்புக்கொண்டவர்கள் இவர்கள். அவர்கள் ஒப்புக்கொண்டது வெறும் சொல்லை; அளவைப் பற்றி யாரும் பேசவே இல்லை. படையெடுப்பு நடக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பிறகு 1964இல் கென்ட் ஒரு கட்டுரையில் அட்டவணையே போட்டுக் கொடுத்தார். ‘ஆல்மோஸ்ட் சர்ட்டன்’ என்றால் 93 சதவீதம், ஆறு முன்னே பின்னே. ‘ப்ராபபிள்’ என்றால் 75, பன்னிரண்டு முன்னே பின்னே. ‘ப்ராபப்ளி நாட்’ என்றால் 30 வாக்கில். அலுவலகத்தில் எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. சொல்லுக்கு எண் ஒட்டினால் பொய்யான துல்லியம் வந்துவிடும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் என் ஓட்டு கென்ட்டுக்குத்தான். எண் தப்பாக இருந்தால் பிறகு காட்டித் திருத்தலாம். ‘சீரியஸ் பாசிபிலிட்டி’யைத் தப்பு என்று எப்படி நிரூபிப்பது?

அட்டவணை இல்லாததன் விலையை 1961இல் பார்த்தார்கள். கியூபாவில் காஸ்ட்ரோவைக் கவிழ்க்க, நாடு கடந்து வாழ்ந்த கியூபர்களை பே ஆஃப் பிக்ஸ் கடற்கரையில் இறக்கும் திட்டம். முப்படைத் தளபதிகளின் குழு அமெரிக்க அதிபர் கென்னடிக்குக் கொடுத்த மதிப்பீட்டில், திட்டம் வெற்றி பெற ‘ஃபேர் சான்ஸ்’ இருக்கிறது என்று எழுதியிருந்தது. எழுதிய ராணுவ அதிகாரியின் மனதில் இருந்தது 30 சதவீதம்தான், அதாவது தோற்பதற்கே வாய்ப்பு அதிகம். படிக்கிறவர் காதில் ‘ஃபேர்’ என்பது பரவாயில்லை, நன்றாகவே இருக்கிறது என்று விழுகிறது. சுமார் 1,400 பேர் இறங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பிடிபட்டார்கள், நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். தோல்விக்கு வேறு காரணங்கள் ஏராளம், பழி முழுவதையும் ஒரு சொல்லின்மேல் போட முடியாது. ஆனால் 30 என்ற எண் எழுத்தில் இருந்திருந்தால் யாராவது ஒருவர் நிறுத்திக் கேள்வி கேட்டிருப்பார்.

இன்று பல அமைப்புகளிடம் அட்டவணை இருக்கிறது. அதிலும் ஒரு கூத்து உண்டு. பிரிட்டிஷ் உளவுத்துறையின் அளவுகோலில் ‘லைக்லி’ என்றால் 55 முதல் 75 சதவீதம். ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யில் அதே ‘லைக்லி’ 66இல் தொடங்கி 100 வரை போகும். நம் இந்திய வானிலைத் துறையின் ஆங்கில அறிக்கையை எடுத்து, குறியீட்டு விளக்கம் இருக்கும் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே ‘லைக்லி’ என்றால் 25 முதல் 50 சதவீதம். ‘வெரி லைக்லி’ 50 முதல் 75. அதற்கு மேல் போனால்தான் ‘மோஸ்ட் லைக்லி’. ஆக, “ஹெவி ரெயின் லைக்லி” என்று அறிக்கை சொல்லும்போது, பெய்யாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம்! மறுநாள் வெயில் அடித்தால் வானிலைக்காரர்களைத் திட்டுகிறோம். தமிழ்ச் செய்திக்கு வரும்போது ‘லைக்லி’யும் ‘வெரி லைக்லி’யும் பெரும்பாலும் ‘வாய்ப்புள்ளது’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அட்டவணையைக் கட்டிக் காத்தவர்களின் உழைப்பு அங்கே வீண்தான்.

மருந்தோடு வரும் விளக்கத் தாளிலும் இப்படி ஒன்று உண்டு. ஐரோப்பாவில் விற்கும் மருந்தின் தாளில் ஒரு பக்கவிளைவை ‘காமன்’ என்று போட்டிருந்தால், நூறு பேரில் ஒருவரிலிருந்து பத்துப் பேரில் ஒருவர் வரை அது வரலாம் என்று பொருள். ‘காமன்’ என்றதும் பாதிப் பேருக்கு வரும் போலிருக்கிறதே என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

எண்ணே வேண்டாம் என்று பிடிவாதமாக இருக்கிற இடம் நீதிமன்றம். சிவில் வழக்குகளில் ‘பேலன்ஸ் ஆஃப் ப்ராபபிலிட்டீஸ்’, அதாவது வாய்ப்பு எந்தப் பக்கம் அதிகம் என்ற கணக்கு, என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தாலே போதும். குற்ற வழக்கில் ‘பியாண்ட் ரீசனபிள் டவுட்’ (நியாயமான சந்தேகத்துக்கு அப்பால்) என்பதற்கு இத்தனை சதவீதம் என்று சொல்ல ஆங்கிலேய நீதிபதிகள் மறுத்துவிடுகிறார்கள். சாதாரணக் குடிமக்கள் அடங்கிய ஜூரியிடம் ‘ஷூர்’ஆக இருக்கிறீர்களா என்று மட்டும் கேட்கிறார்கள்.

2018 மார்ச்சில் இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரில் முன்னாள் ரஷ்ய உளவாளி ஒருவருக்கும் அவர் மகளுக்கும் விஷம் வைக்கப்பட்டபோது, ரஷ்யாதான் பொறுப்பு என்பது ‘ஹைலி லைக்லி’ என்று பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் அறிவித்தார். பிரிட்டிஷ் அளவுகோல்படி அது 80 முதல் 90 சதவீதம் வரும், கனமான சொல்தான். மாஸ்கோவிலோ, ஆதாரமில்லாமல் குற்றம் சாட்டுவதற்கே அது கேலிச் சொல்லாகிவிட்டது. ‘ஹைலி லைக்லி’ என்பதை ஆங்கிலத்திலேயே, ரஷ்ய உச்சரிப்பில், அமைச்சர் முதல் சாமானியர் வரை சொல்லிச் சிரித்தார்கள்.

ஐ.பி.சி.சி. தன் சொற்களை எவ்வளவு பொறுமையாக மாற்றிக்கொண்டு வந்தது என்பதையும் பாருங்கள். புவி வெப்பமடைவதற்கு மனிதர்கள் காரணமா? 1995 அறிக்கை, சான்றுகளின் மொத்த எடை அந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் சொன்னது. 2001இல் ‘லைக்லி’. 2007இல் ‘வெரி லைக்லி’, அதாவது 90க்கு மேல். 2013இல் ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’, 95க்கு மேல். 2021 அறிக்கையில் அந்த வாக்கியத்தில் ‘லைக்லி’யே இல்லை, சந்தேகத்துக்கு இடமில்லை என்று பொருள்படும் ‘அன்ஈக்விவக்கல்’ வந்துவிட்டது. அட்டவணையில் அந்தச் சொல்லுக்கு எண் கிடையாது.

வணக்கம்.