நிற்கத் தெரிந்த கார்: ஜாகுவார் டி-டைப்

அனைவருக்கும் வணக்கம். ரேஸ் கார் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு வேகம் போகும்?" என்பதுதான். இன்று நான் பேச வந்திருக்கும் ஜாகுவார் டி-டைப்பைப் பற்றி வேறொரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். அது எவ்வளவு சீக்கிரம் நிற்கும்?

பிரான்ஸில் ல மான் என்ற ஊரில் நடக்கும் 24 மணி நேர ரேஸ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் அங்கே முல்சான் என்று கிட்டத்தட்ட 6 கிலோமீட்டருக்கு வளைவே இல்லாத நேர்ச்சாலை இருந்தது. மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து வருகிற டிரைவர், அதன் முடிவில் வலது பக்கம் ஒரு கொடும் வளைவில் திரும்ப வேண்டும். 24 மணி நேரத்தில் இப்படி 300 தடவைக்கு மேல்!

அப்போது கிட்டத்தட்ட எல்லா கார்களிலும் டிரம் பிரேக்தான். மூடிய டிரம்முக்குள் பிரேக் ஷூ உரசும். சூடு வெளியேற வழியில்லை. டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும். மிதித்தால் பெடல் உள்ளே போகும், கார் நிற்காது. விடியற்காலையில், கண் சொருகும் நேரத்தில், அந்த வளைவுக்கு முன்னால் பெடல் இப்படி உள்ளே போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் இருந்த ஜாகுவார் கம்பெனி டன்லப் டயர் கம்பெனியுடன் சேர்ந்து இதற்கு ஒரு விடை தேடியது. அதுதான் டிஸ்க் பிரேக். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பேட் இறுக்கிப் பிடிக்கும்; தட்டு திறந்த காற்றில் இருப்பதால் சூடு தங்காது. 1952இல் பிரான்ஸின் ரான்ஸ் நகரில் நடந்த ரேஸில், டிரைவர் ஸ்டிர்லிங் மாஸ் இந்த பிரேக் போட்ட சி-டைப்பில், அதாவது டி-டைப்புக்கு முந்தைய ஜாகுவார் ரேஸ் காரில், ஜெயித்தார். 1953இல் ல மானில் சி-டைப்புகள் 1, 2, 4ஆம் இடங்களைப் பிடித்தன. அந்த ரேஸில் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுவே முதல் முறை. எஞ்சின் பலத்தை விட பிரேக்கால் கிடைத்த வெற்றி அது என்பது என் உறுதியான கருத்து.

சரி, டி-டைப்புக்கு வருவோம். 1954இல் வந்தது. உருவம் கொடுத்தவர் மால்கம் சேயர், பிரிஸ்டல் விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர். வளைவுகளைக் கணக்குப் போட்டுத்தான் வரைவார். டிரைவர் உட்காரும் நடுப்பகுதியை உலோகத் தகடுகளை ரிவெட் அடித்து, விமான உடலைக் கட்டுவதுபோல் ஒரே கூடாகக் கட்டினார்கள். எஞ்சினுக்கு அடியில் தொங்கும் ஆயில் தொட்டியை எடுத்துவிட்டு ஆயிலைத் தனி டாங்கில் வைத்தார்கள். எஞ்சினையும் கொஞ்சம் சாய்த்து வைத்தார்கள். அதனால் மூக்கு தாழ்ந்தது, காற்று எதிர்ப்பு குறைந்தது. டிரைவரின் தலைக்குப் பின்னால் மீன் துடுப்பு போல நிமிர்ந்து நிற்கிறதே, அது முல்சானில் கார் அலைபாயாமல் இருக்க வைத்தது. அதை இத்தனை அழகாக வைத்திருக்கிறாரே என்று இன்றைக்கும் எனக்கு வியப்புதான்.

முதல் வருடமே ல மானில் 3.4 லிட்டர் எஞ்சினோடு ஓடி, 4.9 லிட்டர் ஃபெராரியிடம் வெறும் 4 கிலோமீட்டர் தூரத்தில் தோற்றது.

1955இல் ல மானில் நடந்த விபத்தைப் பற்றிப் பேசாமல் போகக் கூடாது. மெர்சிடிஸ் கார்களில் டிரம் பிரேக்தான். அதற்குத் துணையாக, டிரைவருக்குப் பின்னால் காற்றைத் தடுக்க ஒரு பெரிய மடல் எழும்பும். டி-டைப்பில் வந்த மைக் ஹாதார்ன், பிட்டில், அதாவது பெட்ரோல் போட கார்கள் நிற்கும் ஓரப் பகுதியில், நிறுத்த பிரேக் போட்டார். பின்னால் வந்த ஆஸ்டின்-ஹீலி விலகியது. அதன் மேல் லெவே என்ற டிரைவர் ஓட்டிய மெர்சிடிஸ் மோதிப் பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்தது. 80 பேருக்கு மேல் இறந்தார்கள். விசாரணை எந்த டிரைவர் மீதும் குற்றம் சொல்லவில்லை. பிட்டுக்குத் தனிப் பாதை இல்லாத, கூட்டத்தை ஒட்டியே கார்கள் பறந்த அந்தத் தடம்தான் பெரிய குற்றவாளி என்று நானும் நினைக்கிறேன். ராத்திரியே மெர்சிடிஸ் ரேஸிலிருந்து விலகிக்கொண்டது. ஹாதார்னும் ஐவர் பியூபும் ஜெயித்தார்கள். அந்த ரேஸைப் பார்க்கக் கிளம்பி வந்த ஜாகுவார் அதிபர் வில்லியம் லயன்ஸின் மகன் ஜான், வழியிலேயே சாலை விபத்தில் இறந்துவிட்டார். அப்படிப்பட்ட வெற்றியை யார் கொண்டாடுவது?

எனக்கு ரொம்பப் பிடித்தது 1956 ல மான் ரேஸ். கம்பெனியின் சொந்த கார்கள் இரண்டு, இரண்டாவது சுற்றிலேயே விபத்தில் போயின. மூன்றாவது காரில் பெட்ரோல் குழாய் விரிசல். அப்போது, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஒரு சந்துக்குள் இருந்த பணிமனையிலிருந்து டேவிட் மர்ரே நடத்திய எக்யூரி எகோஸ் என்ற சின்ன அணியின் நீல நிற டி-டைப், ராண் ஃப்ளாக்ஹார்ட், நினியன் சாண்டர்சன் கைகளில் முதலாவதாக வந்தது!

அந்த வருடத்தோடு ஜாகுவார் ரேஸை விட்டு விலகியது. மீதமிருந்த 25 டி-டைப்புகளைச் சாலையில் ஓட்டும் எக்ஸ்கேஎஸ்எஸ் கார்களாக மாற்றத் தொடங்கினார்கள். 1957 பிப்ரவரி 12 அன்று தொழிற்சாலையில் தீப்பிடித்து அவற்றில் 9 எரிந்துபோயின. நான்கே மாதம் கழித்து ல மானில் நடந்ததைப் பாருங்கள்: தனியார் அணிகள் ஓட்டிய டி-டைப்புகள் 1, 2, 3, 4, 6ஆம் இடங்கள். முதல் இரண்டும் எடின்பரோ பணிமனைக்கு!

1958இல் எஞ்சின் 3 லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்தது. எகோஸ் அணியின் சிறிய எஞ்சின் கார்கள் ஆரம்பத்திலேயே நின்றுபோயின. டி-டைப்பின் காலம் அதோடு முடிந்தது. அதன் கட்டுமான முறை 1961இல் ஈ-டைப்புக்குப் போய்ச் சேர்ந்தது. 1956இல் ஜெயித்த அந்த நீலக் கார், எக்ஸ்கேடி 501, 2016இல் கலிபோர்னியாவில் 2 கோடியே 17 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது. நன்றி, வணக்கம்.