மழை பெய்தால் மதுரைப் பாம்பு எங்கே போகிறது?

[காட்சி: மேலிருந்து நாகமலை, அடிவாரத்தில் தென்னந்தோப்புகள்]

வணக்கம். இது நாகமலை. மதுரையை அழிக்கச் சமணர்கள் ஏவிய நாகத்தைச் சிவனருளால் பாண்டிய மன்னன் அம்பெய்து சாய்த்தான், அது அப்படியே மலையாகிவிட்டது என்பது தலபுராணம். ஊருக்கு எல்லை காட்டியதும் வாலை வாயில் கவ்விய பாம்புதான். இத்தனை கதை வைத்திருக்கிற ஊரில், உயிருள்ள பாம்பு எந்த மாதம் எங்கே இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். "புத்துக்குள்ள இருக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதற்கு மேல் கொஞ்சம் பார்க்கலாம்.

[காட்சி: உலக வரைபடம், வட அமெரிக்கா]

பாம்பு வலசை, அதாவது பருவத்துக்குப் பருவம் பாம்புகள் இடம் பெயர்வது, என்று இணையத்தில் தேடினால் வெளிநாட்டுப் படங்கள்தான் முதலில் வரும். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், ஷானி தேசிய வனத்துக்குள் ஒரு சாலை இருக்கிறது. ஒரு பக்கம் சதுப்பு நிலம், மறுபக்கம் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. குளிர் வருவதற்கு முன்னால் சதுப்பில் இருக்கும் பாம்புகள் சாலையைக் கடந்து பாறை இடுக்குகளுக்குள் போய்விடும். வசந்தத்தில் மறுபடி இறங்கி வரும். அந்த இரண்டு பருவத்திலும் ஏறக்குறைய 4 கிலோமீட்டருக்கு வண்டி போகத் தடை, நடந்து போய்ப் பார்க்கலாம். 1972-லிருந்து இது நடக்கிறது. கனடாவின் மானிடோபா மாகாணத்தில் நார்சிஸ் என்ற இடம் இதைவிடப் பெரியது. ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மாத முற்பாதி வரை, பாறைக் குழிகளிலிருந்து கார்ட்டர் பாம்புகள் பல்லாயிரக்கணக்கில் வெளியே வரும். நெடுஞ்சாலையில் அடிபட்டுச் சாவதைத் தடுக்கச் சாலைக்கு அடியில் சுரங்கவழியும் ஓரத்தில் வேலியும் போட்டிருக்கிறார்கள்.

ஏன் இப்படிக் கூட்டமாக? தரையே உறைந்துபோகும் ஊரில், உறைபனி எட்டாத ஆழத்துக்கு இறங்கும் பொந்து எங்கோ சில இடத்தில்தான் அமையும். சுற்று வட்டாரப் பாம்பெல்லாம் அங்கேதான் போயாக வேண்டும்.

மதுரையில் அந்தக் கட்டாயம் இல்லை. மார்கழி விடியற்காலையிலும் இங்கே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மஃப்ளர் சுற்றிக்கொள்வதெல்லாம் நாம்தான். மாதக்கணக்கில் பொந்தில் படுத்துக் கிடக்க நம் பாம்புக்கு அவசியமே இல்லை, ஆகவே கூட்டப் பயணமும் இல்லை. ஆனால் இடம் மாறுவது உண்டு. கண்மாயிலிருந்து வயலுக்கு, வயலிலிருந்து வரப்புக்கு, வரப்பிலிருந்து வைக்கோல் படப்புக்கு என்று பெரும்பாலும் ஓர் ஊர் எல்லைக்குள்ளேயே முடிந்துவிடுகிற பயணம். அதை நடத்துவது தண்ணீர். அதனால் பாம்பு பார்க்க ஆசைப்படுகிறவர் தேதி பார்ப்பதைவிட, மழை எப்போது விழுந்தது, மடை எப்போது திறந்தார்கள் என்று விசாரிப்பது நல்லது.

[காட்சி: இரவு, கண்மாய்க் கரை, தவளைச் சத்தம்]

வடகிழக்குப் பருவமழையில் மதுரைக்கு முக்கியமான மாதம் அக்டோபர். முதல் பெருமழை விழுந்த அன்று ராத்திரியே கண்மாய்ப் பக்கம் ஆர்ப்பாட்டம் தொடங்கிவிடும். மண்ணுக்குள் கிடந்த தவளைகள் வெளியே வந்து கத்தும். ஈசல் கிளம்பும். ஈசலைத் தேடித் தவளை, தவளையைத் தேடிப் பாம்பு. அதே நேரம் எலி வளைகளுக்குள் தண்ணீர் இறங்குகிறது. உள்ளே படுத்திருந்த நல்ல பாம்பும் சாரையும் மேடு தேடி ஏறும். கிராமத்தில் மேடு என்றால் கண்மாய்க் கரை, தார் ரோடு, அப்புறம் நம் வீட்டுத் திண்ணை. மழைக்காலத்தில் வீட்டுக்குள் பாம்பு வருகிறது என்கிறோமே, பாதி வெள்ளத்துக்கு ஒதுங்கி வருவது, மீதி எலிக்கும் தவளைக்கும் வருவது.

[காட்சி: மடையின் வாய், நெருக்கத்தில்]

இந்தப் பருவத்தில் நிதானமாக நின்று பார்க்க ஏற்றது தண்ணீர்ப் பாம்பு. விஷம் கிடையாது. கண்மாயின் உபரித் தண்ணீர் வழிகிற கலுங்குக்குக் கீழே, மடையின் வாயில், தண்ணீர் வேகமாக வந்து விழும் இடத்தைப் பாருங்கள். வாலையும் பின்னுடம்பையும் கல்லிடுக்கில் கோத்துக்கொண்டு, தலையை ஓட்டத்துக்கு எதிராக நீட்டிக் காத்திருக்கும். மஞ்சளும் பழுப்புமான உடம்பில் சதுரங்கப் பலகை மாதிரிக் கட்டங்கள். கண்ணுக்குக் கீழே ஒன்று, பின்னால் ஒன்று என்று சாய்வாக இரண்டு கறுப்புக் கோடுகள். இந்தக் கோடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். மீன் குஞ்சு எதிரே வந்தால் தலை பக்கவாட்டில் வெட்டும், அவ்வளவுதான். தவளை என்றால் நேரமாகும். பின்னங்காலில் பிடித்துவிட்டால் தவளை உடம்பை ஊதிக்கொண்டு இழுத்து இழுத்துக் கத்தும். மற்ற தவளைகள் போடும் சத்தத்திலிருந்து அது தனியாகத் தெரியும். அந்தத் திசையில் டார்ச் அடித்தால் பாம்பு அங்கேயே இருக்கும்.

பாவம், மழைக்காலத்தில் அதிகம் அடிபட்டுச் சாவதும் இதுதான். மிரண்டால் கழுத்தைத் தட்டையாக்கித் தலையைத் தூக்கும். உடனே "நல்ல பாம்பு" என்று கம்பைத் தூக்கிவிடுகிறார்கள்.

[காட்சி: அறுவடை முடிந்த வயல், வரப்பு]

தை பிறந்தால் அறுவடை. நெல் விளைந்த வயலில் எலி பெருத்திருக்கும். கதிர் அறுத்ததும் எலி வரப்புக்கும் படப்புக்கும் ஓடும், பாம்பும் பின்னாலேயே போகும். இந்தச் சமயத்தில் காலை 9 மணிக்கு முன்னால் கண்மாய்க் கரைக் கற்களில் வெயில் காய்கிற பாம்புகளைப் பார்க்கலாம். கரையில் நடக்காமல், எதிர்க்கரையில் உட்கார்ந்து பைனாகுலரில் பாருங்கள். நடந்தால் அதிர்வு தெரிந்து, நீங்கள் போய்ச் சேருவதற்குள் இறங்கிவிடும். கண்ணாடி விரியன் மட்டும் வேறு ரகம். அது நகராது. காய்ந்த சருகின் நிறத்தில் சுருண்டு கிடக்கும், நெருங்கினால் விடாமல் சீறும். அந்தச் சீறல் கேட்டால் வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

[காட்சி: வற்றிய கண்மாய், மீன்பிடித் திருவிழா]

பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றும். மேலூர்ப் பக்கம் மீன்பிடித் திருவிழா நடக்கும்போது மீன் பிடிக்கும் ஊத்தாக் கூடையில் கெளுத்தி, விரால் மட்டுமா வருகிறது? மிச்சத் தண்ணீரில் ஒதுங்கிய தண்ணீர்ப் பாம்பும் சேர்ந்தே வரும். மற்ற பாம்புகள் உச்சி வெயிலில் அதிகம் கண்ணில் படாது. வெளியே 40 டிகிரி கொதிக்கும்போது கரையான் புற்றுக்குள் ஈரமும் குளிர்ச்சியும் இருக்கும், பல பாம்புகளின் நடமாட்டம் இருட்டிய பிறகுதான்.

கோடை மழை ஒன்றிரண்டு விழுந்ததும் பாறைகளுக்குப் போக வேண்டும். சமணர் மலை, யானைமலை, அரிட்டாபட்டி எல்லாம் பொட்டல் பாறை. இப்படிப்பட்ட பாறைகளில் பாறை ஓணான் ஆண் இணை சேரும் காலத்தில் முதுகு செக்கச் சிவந்து, கீழே கன்னங்கரேலென்று உட்கார்ந்திருக்கும். எதிராளி ஆணையோ பெண்ணையோ பார்த்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் மாறும். பாம்பு கிடைக்காத நாளில் இது ஒன்றே போதும் என்பேன். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. குன்று, சுனை, கண்மாய் மூன்றும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் எந்தப் பருவத்துக்கும் ஏதாவது ஒன்று கிடைக்கும்.

ஆனி, ஆடி குட்டிகளின் காலம். கண்ணாடி விரியன் முட்டையிடாது, குட்டி போடும். ஒரே ஈட்டில் இருபது, முப்பது சாதாரணம். நல்ல பாம்பு முட்டை பொரிய ஏறக்குறைய 60 நாள் ஆகும். பிறந்த அன்றே இரண்டுக்கும் விஷம் உண்டு, சின்னது என்று அலட்சியம் வேண்டாம்.

[காட்சி: இரண்டு சாரைப் பாம்புகள், பிணையல்]

பாம்புப் பிணையலைப் பார்த்தால் புது வேட்டியைப் போட்டு எடுத்து, பூஜையில் வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. உடம்பின் முன்பாதியைத் தரையிலிருந்து தூக்கி, முறுக்கிக்கொண்டு, ஒன்றின் தலையை மற்றொன்று கீழே அழுத்துகிறதா? அது இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டு. கடிக்காது, அழுத்தித் தரையில் சாய்ப்பதுதான் ஆட்டம். தோற்றது போய்விடும். சாரையும் நாகமும் கூடுகிறது என்ற பேச்சில் உண்மை இல்லை, அவை வேறு வேறு இனங்கள். வேட்டியைப் போடப் பக்கத்தில் போவதைவிட, இருபதடி தள்ளி நின்று முழு ஆட்டத்தையும் பார்ப்பதில் லாபம் அதிகம்.

[காட்சி: ஷூ, டார்ச், கைப்பேசி]

போகும்போது கணுக்கால் மூடுகிற ஷூ, நல்ல டார்ச், கூட ஓர் ஆள். கல்லைப் புரட்டாதீர்கள், புற்றைக் குத்தாதீர்கள். அழகர்மலை, சிறுமலைக் காடுகளுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழையக்கூடாது. கண்மாய்க் கரையே தாராளமாகப் போதும். பாம்பைக் கையில் தூக்கிக் காட்டும் வீடியோக்களைப் பார்த்து முயற்சி செய்வது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுக்குள் வந்துவிட்டால் தீயணைப்புத் துறைக்கு 101. பிடித்த பாம்பை ரொம்ப தூரம் கொண்டுபோய் விடச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். பழகாத இடத்தில் ஒதுங்க வளை தெரியாமல், இரை தெரியாமல் அது அலைந்து திரியும்.

கடித்துவிட்டால் 108. கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கட்டு விரியன் கடி ஏமாற்றும். மழைக்கால ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலி பெரிதாக இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியும்போது வயிற்றுவலி, கண் இமை தூக்க முடியவில்லை என்று யாராவது சொன்னால் காத்திருக்கக் கூடாது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், எனவே பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டிய அவசியமில்லை.

பார்த்ததை எழுதி வைக்கும்போது பாம்பின் பெயரோடு நிறுத்தாமல், கடைசி மழை எப்போது, கண்மாயில் எவ்வளவு தண்ணீர், வயலில் நாற்றா கதிரா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்க் கண்மாய்க்குப் பொருந்தும் கணக்கு அதிலிருந்துதான் கிடைக்கும். மேலூருக்கு ஒன்று, உசிலம்பட்டிக்கு வேறொன்று.