எந்தப் பிணம் பேயாகலாம்?

நடுவர் அவர்களே, பேயை நேரில் பார்த்தவர் போலவே பேசிவிட்டு உட்கார்ந்திருக்கும் எதிரணி அண்ணன் அவர்களே, சபையோரே, வணக்கம்.

"அமெரிக்காவின் தென் கரோலினாவில் இருக்கும் பழைய துறைமுக நகரமான சார்ல்ஸ்டனின் பேய்க்கதைகள் அதன் வரலாற்றைக் காப்பாற்றுகின்றனவா, மறைக்கின்றனவா?" இதுதான் தலைப்பு. காப்பாற்றுகின்றன என்று அண்ணன் சொன்னார். பேய் இல்லாவிட்டால் அந்தப் பழைய சிறைக்குள் யார் போவார்கள் என்று கேட்டார். பேய் இருக்கும் இடங்களைச் சுற்றிக் காட்டும் இரவு டூர் டிக்கெட் காசில்தான் கட்டடங்கள் நிற்கின்றன என்றார். காசுக்குப் பின்னால் வருகிறேன். முதலில் அந்தச் சிறைக்குள் போவோம்.

தன் நேரத்தில் பாதியை அண்ணன் லவினியா ஃபிஷருக்கே கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த ஊரிலும் அப்படித்தான். 1802 முதல் 1939 வரை இயங்கிய சிறை அது. அங்கே பேய் என்று பேச்செடுத்தாலே லவினியாதான். ஊருக்கு வெளியே சத்திரம் நடத்தினாளாம். வந்தவர்களுக்கு விஷம் கலந்த தேநீர் கொடுத்தாளாம். கட்டிலோடு ஆளைக் குழிக்குள் கவிழ்த்தாளாம். தூக்குமேடைக்குக் கல்யாண உடையில் வந்தாளாம். கேட்கும்போது எனக்கும் புல்லரித்தது, ஒப்புக்கொள்கிறேன்.

சரி, வழக்கு என்ன? அவளும் கணவன் ஜானும் 1819-ல் பிடிபட்டார்கள். தண்டனை கிடைத்தது வழிப்பறிக்கு. அந்தக் காலத்தில் அங்கே வழிப்பறிக்கே தூக்கு. 1820 பிப்ரவரியில் இருவரையும் தூக்கிலிட்டார்கள். கொலை செய்தாள் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனாலும் அமெரிக்காவின் முதல் பெண் தொடர் கொலைகாரி என்ற பட்டம் இன்றுவரை அவள் தலையில்தான். அந்தத் தேநீரைப் போட்டவள் லவினியா இல்லை அண்ணே, கதை சொன்னவர்கள்!

இரண்டே வருடம் தள்ளி, 1822-க்கு வாருங்கள். டென்மார்க் வீஸி என்று ஒருவர். டென்மார்க் என்றதும் நாட்டை நினைக்காதீர்கள், மனிதரின் பெயர். அடிமையாக இருந்தவர். 1799-ல் லாட்டரியில் 1500 டாலர் விழுந்தது. அதில் 600 டாலரைக் கட்டித் தன்னை மீட்டுக்கொண்டார். தன் விடுதலையைத் தானே விலைக்கு வாங்குவது எப்படியிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அப்புறம் தச்சு வேலை செய்து பிழைத்தார். அடிமைகளைத் திரட்டிக் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார் என்று வழக்கு. அவரையும் சேர்த்து 35 பேரைத் தூக்கிலிட்டார்கள். அவரைப் புதைத்த இடம்கூடத் தெரியாது.

அத்தோடு விடவில்லை. அதே ஆண்டு ஒரு சட்டம் வந்தது. கப்பலில் வரும் கறுப்பின மாலுமி சுதந்திர மனிதனாகவே இருந்தாலும், கப்பல் கிளம்பும்வரை சிறையில் இருக்க வேண்டும். அவன் சாப்பாட்டுச் செலவு கப்பல் தலைவன் தலையில். ஒரு குற்றமும் செய்யாமல் அண்ணன் சொன்ன அதே சிறைக்குள் கிடந்தவர்கள் அவர்கள். அங்கே நடமாடும் பேய்களைப் பட்டியல் போட்ட அண்ணன் வாயில் ஒரு மாலுமியாவது வந்தானா? நான் எண்ணிக்கொண்டேதான் இருந்தேன்.

சிறைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டடம் இருந்தது. பெயர் வொர்க் ஹவுஸ். எஜமானர்கள் தங்கள் அடிமைகளை அங்கே அனுப்பிக் கட்டணம் கட்டிச் சவுக்கடி கொடுக்க வைப்பார்கள். 1825-ல் மிதி உருளை ஒன்றையும் நிறுவினார்கள். கைதிகள் மணிக்கணக்கில் மிதித்து மக்காச்சோளம் அரைக்க வேண்டும். 1886 நிலநடுக்கத்தில் கட்டடம் சேதமாகி, பிறகு இடித்தே விட்டார்கள்.

என் வாதமே இங்கேதான் இருக்கிறது, நடுவர் அவர்களே. பேய்க்கதைக்கு ஒரு கெட்டவள் வேண்டும். முகம் வேண்டும், பெயர் வேண்டும், முடிந்தால் வெள்ளை உடையும் வேண்டும். வொர்க் ஹவுஸை நடத்தியது நகராட்சி. ரசீது போட்டு, சட்டப்படி, பட்டப்பகலில் நடந்தது. நகராட்சி எப்படிப் பேயாக வரும்? அதனால்தான் ஊர் லவினியாவைக் கட்டிக்கொண்டு அழுகிறது. கெட்டவள் ஒருத்தி இருந்தாள், தூக்கில் போட்டோம், தீர்ந்தது கணக்கு!

பழைய எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தையும் பாருங்கள். துறைமுக வணிகத்துக்காகக் கட்டியது, 1771-ல் கட்டி முடிந்தது. அதன் பாதாளச் சிறையில் சங்கிலிச் சத்தம் கேட்கிறதாம். கீழே காதை வைத்துக் கேட்கிறவர்கள் கொஞ்சம் வெளியே வந்து வடக்குப் பக்கம் நின்றால், மனிதர்களை ஏலம் போட்ட இடம் அது. 1856-ல் நகராட்சி தெருவில் ஏலம் கூடாது என்று தடை போட்டது. விற்கக் கூடாது என்று அல்ல, வெளியே விற்கக் கூடாது என்று! வியாபாரம் சால்மர்ஸ் தெருவுக்குள் புகுந்தது. அந்த ஏலக்கூடம் இன்று அருங்காட்சியகம். அங்கே பார்ப்பதற்குப் பேய் தேவைப்படவில்லை.

இப்போது காசுக்கு வருகிறேன். டிக்கெட் காசு ஒரு செங்கல்லும் வாங்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊரின் பழைய வீடுகளைக் காக்க 1920-லேயே சூசன் பிரிங்கிள் ஃப்ராஸ்ட் என்ற அம்மையார் சங்கம் அமைத்தார். 1931-ல் பழைய பகுதியைப் பாதுகாக்க நகராட்சி சட்டம் போட்டது, அமெரிக்காவிலேயே அதுதான் முதல். இரவு டூர் கூட்டம் வருவதற்கு எவ்வளவோ முன்னால் நடந்தது இது. அந்தச் சிறையையே 2000-ல் எடுத்துக்கொண்டது கல் வேலை, மர வேலை கற்றுத்தரும் ஒரு கல்வி நிறுவனம். சுவரைத் தாங்கிப் பிடித்தவன் கொத்தன், அண்ணே!

கடைசியாக ஒன்று. 2018 ஜூன் 19 அன்று சார்ல்ஸ்டன் நகரமன்றம் அடிமைமுறையில் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது. ஆதரவு 7, எதிர்ப்பு 5. அந்த ஏழு பேர் ஆவணத்தைப் புரட்டிப் பார்த்துக் கை தூக்கினார்களா, லாந்தர் விளக்கோடு சிறையைச் சுற்றி வந்துவிட்டுத் தூக்கினார்களா? நடுவர் அவர்களே, அதை அண்ணனிடம் நீங்களே கேட்டுவிடுங்கள். மணி அடித்துவிட்டது. வணக்கம்.