அகராதியைப் பார்த்துப் படித்தும் ஆங்கிலம் ஏன் வசப்படவில்லை? ஒரு குடும்பத்தையே அரிக்கவைத்த வரையறை

[திரையில் ஒரே ஒரு வாக்கியம், பெரிய ஆங்கில எழுத்துகளில்: மை ஃபேமிலி இரோட்ஸ் எ லாட்.]

இந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை, எழுத்துப் பிழையும் இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஓர் அமெரிக்கப் பள்ளிக் குழந்தை, அகராதியைத் திறந்து, வரையறையைப் படித்து, புரிந்துவிட்டது என்று நம்பி எழுதிய வாக்கியம் இது. ஆனால் இதன் பொருளோ, ‘எங்கள் குடும்பம் அடிக்கடி அரித்துப்போகிறது’ என்பதாகும்.

அந்தக் குழந்தை எங்கே வழுக்கியது என்பதை அறிந்துகொண்டால், சொற்பட்டியல்களை மனப்பாடம் செய்தும் ஆங்கிலம் கைகூடவில்லை என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு தெளிவு பிறக்கும். ஆகவே இந்தக் காணொளியைக் கடைசி வரை பாருங்கள்.

வணக்கம். தருமபுரியிலிருந்து பேசுகிறேன். தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் முதன்முறையாக ஆங்கிலப் பாடநூலைத் திறக்கும் மாணவர்களையும், ஓசூர் நிறுவனங்களின் நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் பாலிடெக்னிக் மாணவர்களையும் மனத்தில் வைத்து இதைத் தயாரித்திருக்கிறேன்.

[திரையில்: 1987.]

ஜார்ஜ் மில்லர், பாட்ரீசியா கில்டியா என்ற இரு ஆய்வாளர்கள், குழந்தைகள் சொற்களை எவ்வாறு கற்கிறார்கள் என்பது பற்றி 1987-இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். நான் முதலில் காட்டிய வாக்கியம் அதில் உள்ளது. ‘இரோட்’ என்ற சொல்லுக்கு அகராதி தந்த விளக்கங்களுள் ‘ஈட் அவுட்’ என்பதும் ஒன்று. அரித்துத் தின்றுவிடுதல் என்ற பொருளில் அது தரப்பட்டிருந்தது. ஆனால் அன்றாடப் பேச்சில் அதே தொடருக்கு ஓட்டலில் சாப்பிடுதல் என்று பொருள். குழந்தை தனக்குத் தெரிந்த பொருளைப் பிடித்துக்கொண்டு, ‘எங்கள் குடும்பம் அடிக்கடி ஓட்டலில் சாப்பிடும்’ என்ற வாக்கியத்தை அமைத்து, அந்தத் தொடர் இருந்த இடத்தில் புதிய சொல்லை எடுத்து வைத்துவிட்டது. இன்னொரு குழந்தை ‘ஸ்டிமுலேட்’ என்பதற்குக் ‘கிளறிவிடு’ என்பது போன்ற விளக்கத்தைப் படித்துவிட்டு, ஓர் அம்மையார் சூப்பை ‘ஸ்டிமுலேட்’ செய்தார் என்று எழுதியது.

இவற்றைப் படித்துச் சிரித்துவிட்டுப் போய்விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தக் குழந்தைகள் சோம்பேறிகளும் அல்லர், அறிவில் குறைந்தவர்களும் அல்லர். வரையறை சொன்னதை அவர்கள் அப்படியே பின்பற்றினார்கள். வரையறை ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று கூறுகிறதே தவிர, அந்தச் சொல்லை எதனோடு சேர்த்து வழங்குவார்கள் என்பதைப் பெரும்பாலும் கூறாமல் விட்டுவிடுகிறது.

இப்போது இதே சொல்லைத் தமிழ் வழியாகக் கற்போம். ஆங்கிலம்–தமிழ் அகராதியில் ‘இரோட்’ என்பதற்கு ‘அரி’ என்று இருக்கும். மிகச் சரியான பொருள்தான். மண் அரிப்பு என்று பள்ளிப் பாடநூலிலேயே படித்திருக்கிறோம். ஆனால் நம் தமிழில் ‘அரி’ என்ற சொல் எத்தனை வேலை செய்கிறது என்று சற்று எண்ணிப் பாருங்கள். வெள்ளம் கரையை அரிக்கும். கரையான் மரத்தை அரிக்கும். கொசு கடித்த இடம் அரிக்கும். அரிசியில் கல் இருந்தால் நீர்விட்டு அரிப்போம். வெங்காயத்தை அரிந்து வைப்போம், அதனால்தான் அரிவாள்மனை என்ற பெயரே வந்தது. இந்த ஐந்துக்கும் ஆங்கிலத்தில் ஐந்து வெவ்வேறு சொற்கள் தேவைப்படும். ‘இரோட் என்றால் அரி’ என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கும் மாணவர், கை அரிக்கிறது என்பதை மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சொல்ல நேர்ந்தால், ‘மை ஹேண்ட் இஸ் இரோடிங்’ என்று கூறிவிடக்கூடும். அவர் சொல்ல வேண்டியது ‘இட்ச்’ என்ற சொல். அமெரிக்கக் குழந்தை விழுந்த அதே குழியில் நாம் தமிழ்வழியாகச் சென்று விழுகிறோம். (இன்னொன்றும் உண்டு. தருமபுரி பேருந்து நிலையத்தில் ஈரோடு செல்லும் பேருந்தின் பலகையில் அந்த ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் எழுத்துகளும் இந்தச் சொல்லின் எழுத்துகளும் ஒன்றே. ஊர்ப் பெயருக்கும் இதற்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் எழுத்துக்கூட்டல் இனி யாருக்கும் மறக்காது.)

[திரையில்: எடுத்துக்காட்டு வாக்கியம்.]

இந்தக் குழியிலிருந்து நம்மைக் கைதூக்கிவிடுவது எடுத்துக்காட்டு வாக்கியம். ஆறு தன் கரைகளை அரித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு ‘தி ரிவர் இஸ் இரோடிங் இட்ஸ் பேங்க்ஸ்’ என்ற ஒரு வாக்கியம் போதும். செய்வது ஆறு, தேய்வது கரை, நிகழ்வது மெல்ல மெல்ல என்ற மூன்றும் அதிலிருந்து தாமாகவே விளங்கிவிடுகின்றன. இரண்டாவது வாக்கியமாக, விலைவாசி உயர்வு சேமிப்பின் மதிப்பைத் தேய்க்கிறது என்பதையும் பார்த்துவிட்டால், மண்ணுக்கும் பாறைக்கும் மட்டுமின்றி மதிப்புக்கும் நம்பிக்கைக்கும் ஆங்கிலத்தார் இதே சொல்லை வழங்குகிறார்கள் என்பது தெரிந்துவிடும். கையும் குடும்பமும் அந்தப் பட்டியலில் வரவே வராது.

‘சேரிடம் அறிந்து சேர்’ என்று ஆத்திசூடி மனிதருக்குச் சொன்னதைச் சொல்லுக்கும் பொருத்திப் பார்க்கலாம். ஜே. ஆர். ஃபர்த் என்ற ஆங்கில மொழியியலாளர், ஒரு சொல்லை அதனோடு சேர்ந்து வரும் சொற்களைக் கொண்டே அறிய முடியும் என்ற கருத்தை 1957-இல் எழுதினார். நம் மொழியிலும் இது உண்டு. கனமழை என்கிறோம், கனக்காற்று என்று எவரும் சொல்வதில்லை. சூறைக்காற்று உண்டு, சூறைமழை இல்லை. இதை நமக்கு யாரும் விதியாகக் கற்றுத்தரவில்லை, கேட்டுக் கேட்டே பழகினோம். ஆங்கிலத்திலும் மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’. ஆனால் தமிழில் ‘பலத்த’ என்ற சொல் மழைக்கும் காற்றுக்கும் பொதுவாக வருவதால், மொழிபெயர்த்தே எழுதும் மாணவர் ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்று எழுதிவிடுகிறார்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பார்வையாளர்களிடம் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, பாகலூர்ப் பக்கம் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்களே, அவர்களில் எவராவது கன்னடச் சொற்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்து கற்றார்களா? சந்தையில் விலை கேட்டும், பக்கத்து வீட்டில் பேசிப் பழகியும், முழு முழு வாக்கியங்களாகக் காதில் வாங்கித்தான் கற்றார்கள். ஆகவே மொழி கற்கும் திறமை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குறைவு என்று யாராவது சொன்னால் நான் அதை ஏற்கவே மாட்டேன். ஆங்கிலம் அந்த அளவுக்குக் காதில் விழுவதில்லை என்பதே உண்மையான குறை. அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்வதற்கே அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்கின்றன.

[திரையில்: பழைய அகராதிப் பக்கங்கள் வேகமாக நகர்கின்றன.]

அகராதிகளின் வரலாற்றை விரைவாகக் கடந்துவிடுவோம். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கில அகராதியில் ‘நெட்வொர்க்’ என்ற சொல்லுக்கு எழுதிய விளக்கத்தில் ‘ரெட்டிகுலேட்டட்’, ‘டெக்கஸேட்டட்’, ‘இன்டர்ஸ்டிசஸ்’ என்ற மூன்று கடினமான சொற்கள் வருகின்றன. வலைப்பின்னல் என்றால் என்ன என்று அறியாதவர் இந்த மூன்றுக்கும் பொருள் தேடி இன்னும் மூன்று பக்கங்களைப் புரட்ட வேண்டியிருக்கும்.

இதற்குத் தீர்வு பிறந்த இடத்தை அறிந்தால் மகிழ்வீர்கள். அது இலண்டன் அன்று. நம் துணைக்கண்டத்தில், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட் என்பவரின் பணியிலிருந்து வந்தது. வங்காளத்து மாணவர்கள் ஆங்கில நூல்களைப் படிக்கத் திணறுவதைக் கண்ட அவர், ஜே. ஜி. எண்டிகாட் என்பவருடன் சேர்ந்து 1935-இல் வெளியிட்ட அகராதியில், சுமார் 24,000 சொற்களையும் தொடர்களையும் வெறும் 1,490 எளிய சொற்களைக் கொண்டே விளக்கிக் காட்டினார். அந்த 1,490 சொற்களை அறிந்த மாணவர் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பிறர் உதவியின்றிப் பொருள் விளங்கிக்கொள்ளலாம். நம்மைப் போன்ற மாணவர்களின் இடர்ப்பாட்டைக் கண்டு ஒருவர் இவ்வளவு உழைத்திருக்கிறாரே என்பது எனக்கு இன்றும் நெகிழ்ச்சி தருகிறது. அடுத்த பெரிய அடியும் இங்கிலாந்துக்கு வெளியில்தான் எடுத்துவைக்கப்பட்டது: ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி தம் நண்பர்களுடன் உருவாக்கிய அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளியாகி, 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக உலகெங்கும் சென்றது. ஒரு வினைச்சொல்லை வாக்கியத்தில் எவ்வாறு அமைக்க வேண்டும் என்பதையும் அது காட்டியது.

1987-இல் ஜான் சின்க்ளேர் தலைமையில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உருவான கோபில்ட் அகராதி, வரையறையையே முழு வாக்கியமாக மாற்றிவிட்டது. அந்த முறையில் எழுதினால், ‘காற்றோ மழையோ கடலோ மண்ணை அல்லது பாறையை இரோட் செய்தால், அது சிறிது சிறிதாகத் தேய்ந்து அழிந்துபோகிறது’ என்று வரும். அரிப்பது எது, அரிபடுவது எது என்பது வரையறைக்குள்ளேயே அடங்கிவிட்டதைப் பாருங்கள்! இதைப் படித்த எந்தக் குழந்தையும் தன் குடும்பத்தை அங்கே கொண்டுபோய் வைக்காது.

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன், காலின்ஸ் ஆகிய நிறுவனங்களின் கற்போர் அகராதிகள், அதாவது ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ‘லேர்னர்ஸ் டிக்‌ஷனரி’கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கைப்பேசி இருந்தால் போதும்.

[திரையில்: ஒரு குறிப்பேட்டின் பக்கம்.]

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். புதிய சொல்லை எழுதி, அதன் கீழே கற்போர் அகராதியின் ஆங்கில வரையறையை எழுதுங்கள். அடுத்து அங்குள்ள எடுத்துக்காட்டுகளுள் உங்களுக்கு மிக எளிதாகப் புரிவதை ஒரு சொல்லும் மாற்றாமல் படியெடுங்கள். அதன் பிறகு, அதே அமைப்பில் இடத்தையும் ஆட்களையும் மட்டும் மாற்றி உங்கள் ஊர் வாக்கியம் ஒன்றை எழுதுங்கள்: ‘தி தென்பெண்ணை இஸ் இரோடிங் இட்ஸ் பேங்க்ஸ்’. தமிழ்ப் பொருளை எழுதக் கூடாது என்று சில பயிற்சி நிலையங்களில் தடை விதிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தாராளமாக எழுதுங்கள், ஆனால் ‘அரி’ என்று ஒற்றைச் சொல்லாக எழுதாமல், ‘ஆறு கரையை அரி’ என்று துணைச்சொற்களோடு எழுதுங்கள்.

ஊர் வாக்கியம் எவ்வளவு உதவும் என்பதற்கு ஒன்று காட்டுகிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியதும், சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களை வெள்ளம் அடித்துச் சென்றதும் உங்களுக்கு நினைவிருக்கும். ‘தி ஃப்ளட் ஸ்வெப்ட் அவே தி வேன்ஸ்’ என்று அதை எழுதலாம். ‘ஸ்வீப்’ என்றால் பெருக்கு என்றும் ‘அவே’ என்றால் தூரம் என்றும் தனித்தனியே படித்தவருக்கு இந்தத் தொடர் எளிதில் விளங்காது. அந்தக் காட்சியோடு சேர்த்து எழுதியவருக்கு ‘ஸ்வீப் அவே’ என்பது அடித்துச் செல்லுதல் என்று ஆழப் பதிந்துவிடும்.

மறதியைப் பற்றி ஒரே வாக்கியம்: கற்றதில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே வேகமாக மறந்துபோகிறது என்று ஹெர்மன் எப்பிங்ஹாஸ் தம்மையே சோதித்து 1885-இல் வெளியிட்டார், ஆகவே எழுதிய பக்கத்தை மறுநாளும், அந்த வார இறுதியிலும், மாதக் கடைசியிலும் திருப்பிப் பாருங்கள், பார்க்கும்போது வாக்கியத்தில் புதிய சொல்லைக் கையால் மறைத்துக்கொண்டு நினைவுபடுத்திப் பாருங்கள்.

இந்த வாரத்திற்கு இரண்டு சொற்கள் தருகிறேன்: ‘ரீச்’, ‘அரைவ்’. தமிழில் இரண்டுக்கும் ‘வந்து சேர்’ என்றே பொருள் எழுதிவிடலாம். ஆனால் ஒன்று ஊர்ப் பெயரை நேரடியாக ஏற்கும், மற்றொன்று இடையில் ஒரு சிறு சொல்லைக் கேட்கும். கற்போர் அகராதியின் எடுத்துக்காட்டுகளைப் பார்த்துவிட்டு, பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்கு வந்து சேர்ந்ததாக இரண்டு சொற்களிலும் ஒவ்வொரு வாக்கியம் எழுதிக் கீழே பதிவிடுங்கள். எங்கேனும் துணைச்சொல் தவறியிருந்தால், சரியான வாக்கியத்தை அங்கேயே பதிலாக எழுதித் தருகிறேன்.